மண்டப வாசலில் உனக்கொரு வேலை இருக்கிறது

என் மக்கா கனிக்கு,

வீட்டில் உட்கார இடமில்லை. கூடத்தில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள், அடுப்படியில் பெயின்ட் வாசம், நீ முன்பு படித்த அறையில் தேங்காய் மூட்டை. உன் தங்கை அபிக்குக் கல்யாணம் என்று முத்தையாபுரத்தில் பாதிப் பேருக்கு நான் சொல்லியாகிவிட்டது, மீதிப் பேருக்கு உன் அப்பா சொல்லிவிட்டார், இரண்டு பேரும் சொன்னது தெரியாமல் உன் சித்தி எல்லோருக்கும் மறுபடி சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த லட்சணத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று நாலு தடவை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. இதை உன் சிநேகிதப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒரு அம்மா தட்டுத் தடுமாறிக்கொண்டிருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அபிக்குப் போன் செய்து, கல்யாணத்துக்கு மறுநாள் வருகிறேன் என்று சொன்னாய். “அன்னைக்கு நான் வந்து நின்னா எல்லாரும் என்னையத்தான் பாப்பாவ. ஒன்னைய யாரும் பாக்க மாட்டாவ. ஒன் கல்யாணத்த நான் கெடுக்க மாட்டேன்” என்று சொன்னாயாம். அவள் போனை வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். “அதுவும் ஒரு வகைல நல்லதுதான், பிள்ளைக்கும் சங்கடம் இல்ல” என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லுகிறேன் கனி, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்கிற நிம்மதி. அபி என் கையில் இருந்த கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் கோபப்பட்டால் பாத்திரம் பேசும் என்று உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வரை எங்கள் வீட்டுப் பாத்திரம் பேசிக்கொண்டே இருந்தது. நான் சொன்னது எவ்வளவு கேவலமான பேச்சு என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், எனக்கு நேர்வழிப் பேச்சு வராது.

நீ உன்னைப் பற்றி எங்களிடம் முதன்முதலாகச் சொன்ன அந்தப் பொங்கலை நினைத்துப் பார். மறுநாள் கரிநாள், மீன் குழம்பு வைத்திருந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நீ திடீரென்று கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய்: “அம்மா, என்னைய ஆம்பளன்னு சொன்னா எனக்கு ஒட்ட மாட்டேங்கு. பொம்பளன்னு சொன்னாலும் ஒட்ட மாட்டேங்கு. நான் ரெண்டும் இல்ல. ரொம்ப வருசமா யோசிச்சுத்தான் சொல்லுதேன்.” ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை என்று சொல்லி என் கையில் கொடுத்தார்கள், கனிராஜ் என்று பேர் வைத்தோம், நீ சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு ராஜை இறக்கிவைத்துவிட்டுக் கனியை மட்டும் வைத்துக்கொண்டாய். அதற்கே நான் ஏதோ நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். நீ சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது முதல் பாதிதான். ஆண் இல்லை. சரி, அப்படியானால் பெண். எனக்கு ஒரு மகள் என்பது இரண்டு மகள்கள் ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அழுதேன், மறுக்கவில்லை. ஆனால் அழுது முடித்ததும் ஒரு வேகம் வந்தது. என் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது, ஊர் பார்க்கச் செய்ய வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி டபிள்யூ.ஜி.சி. ரோட்டு ஜவுளிக்கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலையும், அதற்குப் பொருத்தமாகக் கண்ணாடி வளையலும், கொசுறாக ஒரு பொட்டு அட்டையும் வாங்கிவந்து உன் முன்னால் வைத்தேன். எவ்வளவு பெருமையாக வைத்தேன் என்று நினைக்கிறாய். நம் தெருவிலேயே இப்படி ஒரு தாய் கிடையாது என்கிற நினைப்பு எனக்கு.

நீ சேலையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவள், பார், இன்னும் என் கை பழைய தப்பைச் செய்கிறது, சிரித்துக்கொண்டே இருந்த பிள்ளை அப்படியே அழுதாய். “அம்மா, ஒரு பெட்டில இருந்து எடுத்து இன்னொரு பெட்டில போட்டு மூடிட்டியே” என்றாய். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்னுடையது.

பெட்டி என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கிற ஆபீசில்தானே என் பிழைப்பு. முந்திரியோ, கருவாடோ, தென்னை நாரோ, உள்ளே இருப்பது இன்னது என்று எழுதாமல் ஒரு பெட்டியும் ஹார்பர் கேட்டைத் தாண்டாது. எந்தத் தலைப்பிலும் அடங்காத சரக்கு வந்தால் ‘மற்றவை’ என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள், அதில் தள்ளுவோம். இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வீட்டுக்கு வந்தும் அதே புத்தி. “அப்போ நீ எந்தத் தலைப்புல வருத, மற்றவையா?” என்று உன்னிடம் கேட்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் சரக்கு இல்லம்மா” என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். எனக்குத்தான் காது எரிந்தது. அதற்குப் பிறகுதான் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். எது ஒட்டவில்லை, எப்போதிலிருந்து ஒட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரிசையில் நிற்கும்போது யாரோ ஒருவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல் இருந்தது, பெண்கள் வரிசையைப் பார்த்தாலும் அதுவும் உன் சட்டை இல்லை என்று இருந்தது, எல்லாம் அன்று மத்தியானம் சொன்னாய். அன்றைக்கு வைத்த குழம்பு ஆறிப்போய் மறுபடி சுட வைத்துச் சாப்பிட்டோம். அந்தச் சேலையை நீ கையோடு எடுத்துப்போய்த் தையற்காரரிடம் கொடுத்து நீளச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பியதைப் பார்த்து நான் ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். உனக்கு உடுப்பு எடுக்கிற வேலையை அன்றோடு விட்டுவிட்டேன். நீ எடுப்பதுதான் நன்றாக இருக்கிறது.

உன் அப்பா சங்கதி வேறு. கப்பலை இழுத்துவருகிற டக் படகில் முப்பது வருஷம் என்ஜின் பார்த்தவர், அந்தச் சத்தத்தில் வாழ்ந்ததாலோ என்னவோ வீட்டில் வாயே திறக்க மாட்டார். நீ சொன்ன அன்று ‘ம்’ என்று எழுந்து போனவர் பல மாதம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அபிதான் அவரிடம் உட்கார்ந்து, கனியை ‘அவன்’ என்று சொல்லாதீங்கப்பா, பேரைச் சொல்லுங்க என்று சொல்லிக்கொடுத்தாள். அவரும் சரி என்றார். ஆனால் நாக்கு கேட்க வேண்டுமே. ‘அவன்’ என்று ஆரம்பித்து, பாதியில் நினைவு வந்து, இருமி மழுப்பிவிட்டு, ‘கனி எப்ப வருது?’ என்று முடிப்பார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை இருமல். உன் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, தம்பிக்கு நெஞ்சுச் சளி கட்டியிருக்கிறது என்று ஆடாதொடைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். விளக்கம் சொல்லத் தெரியாமல் மனுஷன் அதை வாங்கிக் குடித்தார். உனக்காக உன் அப்பா கஷாயம் குடித்தவர், அதை மறந்துவிடாதே. இப்போது இருமல் குறைந்துவிட்டது. நம் பக்கத்தில் மகனானாலும் மகளானாலும் ‘மக்கா’ என்று கூப்பிடுகிற வழக்கம் இருக்கிறதே, அது எனக்குப் பெரிய உதவி. எனக்கு மாற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அம்மா என்றால் புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா, கொஞ்சம் பொறுத்துக்கொள். உன்னைத் தப்பாகக் கூப்பிடுகிறவர்களில் நாக்குத் தடுக்கியவர்களும் உண்டு, வேண்டுமென்றே குத்துகிறவர்களும் உண்டு. தடுக்கியவர்களுக்கு நேரம் கொடு, உன் அப்பாவுக்குக் கொடுத்தாயே, அப்படி. குத்துகிறவர்களுக்கு ஒரு நிமிஷம் கூடக் கொடுக்காதே, எழுந்து வந்துவிடு. கேட்கிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பாடம் நடத்தாதே. உனக்கு வேலை இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. அதிலும் சாப்பாடு. வாடகை வீட்டுக்காரர் உன் முடியையும் காதுத் தோட்டையும் பார்த்துவிட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னதை, நீ வேறு வீடு பார்த்துச் சாமான் ஏற்றி முடித்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய். ‘உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்’ என்றாய். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. நாங்கள் ராத்திரி ரயில் ஏறி வந்து அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்போம், குறைந்தபட்சம் உன் பீரோவையாவது தூக்கியிருப்போம். எல்லோருக்கும் கஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளப் பிறந்த ஆள் மாதிரி நீ நடந்துகொள்கிறாய். மற்றவர்கள் சௌகரியத்துக்காக நீ ஒதுங்கிக்கொண்டே போனால், கடைசியில் நிற்க உனக்கு இடம் இருக்காது கனி. கல்யாணத்துக்கு மறுநாள் வருகிறேன் என்று நீ சொன்னதும் அந்தக் காரியம்தான். அதற்குத் தலையாட்டினேனே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்லத் துடிக்கிற விஷயம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வேலைகளைப் பிரித்துக்கொள்ள எல்லோரும் நம் வீட்டில் கூடினார்கள். உன் பெரியப்பா நாற்காலியை நடுவில் போட்டுக்கொண்டார். பந்திக்கு யார், பூவுக்கு யார் என்று எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்ததும் பேச்சு நின்றது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை தானாக மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். காரை விட்டு இறங்கி வாசலில் நிற்பார். பெண்ணோடு பிறந்தவன் போய் மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். அபியோடு பிறந்தது நீ மட்டும்தான். ஒருவரும் உன் பேரை எடுக்கவில்லை. சாமி அறைப் பக்கம் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். பெரியப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம்ம பிரபு இருக்காம்லா. முறைக்கு அண்ணன்தான. அவன் போய்க் கூட்டிட்டு வரட்டும்” என்றார். தன் மகனைச் சொல்லுகிறோமே என்கிற கூச்சம் கூட இல்லாமல் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எல்லோரும் அப்பாடா என்று தலையாட்டினார்கள்.

அபி அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். “அப்படின்னா மாப்பிள்ள வாசல்லயே நிக்கட்டும், பெரியப்பா” என்றாள்.

“ஏளா, கல்யாணப் பொண்ணு பேசுத பேச்சா இது?” என்றாள் பெரியம்மா.

“கல்யாணப் பொண்ணுதான் பேசணும், பெரியம்மா. வாசல்ல போய்க் கூட்டிட்டு வாரது கனி வேல. கனி வரலன்னா அந்த வேலைய வேற யாரும் பாக்க வேண்டாம். பிரபு அண்ணன் பந்தில நிக்கட்டும், அதுக்கும் ஆள் வேணும்.”

“எல்லாரும் அங்கனயே பாப்பாவ, ஒன்னைய யாரு பாப்பா?” என்று சித்தி ஆரம்பித்தாள். அபி சொன்ன பதிலை நீ கேட்டிருக்க வேண்டும். “நல்லதாப் போச்சு. காலைலருந்து அத்தன சனமும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வேர்த்துக் கொட்டும். கொஞ்ச நேரம் கனியப் பாக்கட்டும்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரபுவும் சிரித்தான். அவன் அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. முகூர்த்தம் தப்பிவிடும், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். அபி போனை எடுத்து ஆறுமுகநேரிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கே போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில்.

மாப்பிள்ளை சதீஷிடம் அவள் நிச்சயத்துக்கு முன்பே உன்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அந்தப் பையன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதுக்கென்ன பெரியப்பா, நான் நிக்கேன். அவிய வார வரைக்கும் நிக்கேன். அவியளுக்கு வர முடியலன்னா நானே தனியா நடந்து வாரேன். அவிய இடத்துல வேற ஆள் வேண்டாம்.” பின்னாலிருந்து அவருடைய அம்மா சத்தம் கேட்டது. “சம்மந்தி, நிக்கது நிக்கட்டும், ஆனா வெயில்ல நிப்பாட்டிப்புடாதிய, அவனுக்குத் தலவலி வந்துரும்.” எங்கள் கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெற்ற நான் கீரை உருவிக்கொண்டே நீ ஒரு நாள் தள்ளி வருவதற்குத் தலையாட்டியிருக்கிறேன், இன்னும் நம் வீட்டுக்குள் வராத ஒரு பிள்ளை உனக்காக வாசலில் நிற்கிறேன் என்கிறது.

இதைக் கட்டாயமாக உன் மேல் ஏற்றவில்லை. அத்தனை கண்ணுக்கு முன்னால் நிற்பது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று பொய் சொல்ல மாட்டேன். உனக்குத் தாங்காது என்று பட்டால் வராதே, நாங்கள் மறுநாளே சென்னைக்குக் கல்யாணச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஆனால் எங்களுக்குச் சங்கடம் என்று நினைத்து வராமல் இருக்காதே. எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. இருந்தது, போய்விட்டது. நீ வந்து அந்த வாசலில் நின்றால் நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன். பூச்சொரிய வேண்டும், மாப்பிள்ளைக்கு ஆலம் சுற்றித் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று எனக்கு ஆயிரம் வேலை, அத்தனையையும் சித்தி பார்த்துக்கொள்வாள்.

போனை வைத்த பிறகு பெரியப்பா உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “ஏலே தம்பி, நீ ஒண்ணுமே சொல்லாம இருக்க. நீ என்ன சொல்லுத?”

அப்பா பத்திரிகைக் கட்டுக்குச் சணல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு ரெண்டு பிள்ளைய, அண்ணே. ஒண்ணு மணவறைல இருக்கும். ஒண்ணு வாசல்ல நிக்கும்.”

“சரில. ஊர்க்காரன் வந்து, ‘இது ஆரு, பொண்ணுக்கு அண்ணனா அக்காளா’ன்னு எங்கிட்டக் கேப்பான். நான் என்னத்தச் சொல்ல?”

“கனின்னு சொல்லுங்க.”

பெரியப்பா தம்ளரைக் கையில் எடுத்தார். ஆறிப்போன காப்பியைக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மாப்பிள்ள வீட்டுக்காரவிய ஒம்போது மணிக்கே வந்துருவாவ. கனிய அதுக்கு முன்னால குளிச்சு ரெடியா நிக்கச் சொல்லுங்க. சின்னதுல இருந்தே அது எல்லாத்துக்கும் லேட்டு.”

அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். பெரியம்மா கேட்டுவிட்டாள், பிரபு கேட்டுவிட்டான், பந்தல்காரர் கூடக் கேட்டுவிட்டார். நீ ஆணா பெண்ணா என்று இப்போது ஒருவரும் கேட்கவில்லை, மக்கா. நீ எந்த ரயிலுக்கு வருகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

உன் அம்மா